நாடா வெட்டின புண்ணு

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால உக்கார்ந்து அடுத்தவன் கணக்கைச் சரிபார்க்கற ஆளு. அதனால இதைப் படிச்சிட்டு யாரும் மருந்துக் கடைக்கு ஓடாதீங்க. எங்க வீட்ல நடந்தது, அப்புறம் அதுக்காக நான் தேடித் தேடிப் படிச்சது, ரெண்டும் கலந்துதான் இந்தப் பதிவு. கார்த்திகை பொறந்தாலே இதை எழுதணும்னு தோணும், எழுதாம தள்ளிப் போட்டுடுவேன். இந்த வருஷம் விடறதா இல்லை.

எங்க ஊர் மதகடிப்பட்டு. வெளியூர்க்காரங்களுக்கு இந்தப் பேர் தெரிஞ்சிருந்தா அது செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தையாலதான் இருக்கும். கொஞ்சம் கல்வெட்டு, கோயில்னு ஆர்வம் உள்ளவங்களுக்கு குண்டாங்குழி மகாதேவர் கோயிலும் தெரிஞ்சிருக்கலாம், சோழர் காலத்துக் கோயில். பாண்டிச்சேரியிலேர்ந்து விழுப்புரம் போற ரோட்ல வந்தீங்கன்னா நடுவுல கண்டமங்கலம் தமிழ்நாடு, அப்புறம் திருபுவனை பாண்டிச்சேரி, எங்க ஊரும் பாண்டிச்சேரி, தாண்டினா வளவனூர் மறுபடி தமிழ்நாடு. பெட்ரோல் விலையும் சரக்கு விலையும் மாறி மாறி வரும் :-) இந்தப் பதிவுல வர்ற பூச்சிக்கு மட்டும் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

எங்க வீட்ல அப்போ ரெண்டு மாடு. அம்மாவுக்கு அதுங்கதான் உலகம். காலையில சாணி அள்ளி, பால் ஊத்திட்டு, வெயில் ஏறறதுக்குள்ள கழனி வரப்புல புல்லு அறுத்துக் கட்டிக்கிட்டு வந்துடுவாங்க. மழைக்காலத்துல புல்லு மட்டுமரியாதை இல்லாம வளர்ந்திருக்கும். "இப்ப அறுக்காம எப்ப அறுக்கறது"ன்னு ஒரு கட்டுக்கு ரெண்டு கட்டா கொண்டு வருவாங்க. நான் சென்னையில வேலை. வாரத்துக்கு ரெண்டு தடவை போன்.

2019 நவம்பர் கடைசி. புதன்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். எனக்கு வெள்ளிக்கிழமைதான் தெரியும், அதுவும் அப்பா சொல்லி. அம்மாகிட்ட கேட்டா "மழையில நனைஞ்சேன்டா, கசாயம் குடிச்சா சரியாயிடும்". தலைவலி மண்டையைப் பொளக்குதுன்னு அப்பா பின்னாலேர்ந்து சொல்றார். "அவர் கெடக்கறாரு, நீ சாப்டியா?" இதான் அம்மா.

சனிக்கிழமை பக்கத்துல ஒரு க்ளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஊசி போட்டு, ரத்தம் எடுத்து, சாயங்காலம் ரிசல்ட்: வைடல் பாசிட்டிவ். டைபாய்டு. அஞ்சு நாளைக்கு செஃபிக்ஸிம் மாத்திரை. எனக்கு அப்பாடான்னு இருந்தது. வியாதிக்கு ஒரு பேர் கிடைச்சா பாதி குணமான மாதிரி ஒரு நெனைப்பு வந்துடுது இல்லையா, அந்த நெனைப்பு.

ஞாயித்துக்கிழமை காய்ச்சல் 103. திங்கக்கிழமையும் அதே. நான் போன்ல அம்மாவைத் திட்டினேன். "மாத்திரையை ஒழுங்கா போட்டியா? சாப்பிடாம போட்டியா? பாதியில நிறுத்தினியா?" அம்மா ஒழுங்காத்தான் போட்டிருக்காங்க. மணி பார்த்து, சோத்துக்கு அப்புறம், ஒண்ணு விடாம. அந்தத் திட்டு இப்பவும் என் காதுல இருக்கு.

மறுபடி ரத்தம் எடுத்தா தட்டணு 80 ஆயிரத்துக்கு இறங்கியிருக்கு. உடனே ஊரே டெங்குன்னு முடிவு பண்ணிடுச்சு. எதிர் வீட்டு அத்தை பப்பாளி இலையை அரைச்சு ஒரு டம்ளர் கொண்டு வந்தாங்க. பெரியம்மா நிலவேம்பு. அம்மா ரெண்டையும் குடிச்சாங்க, வந்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு. டெங்கு டெஸ்ட் எடுத்துப் பார்த்தா நெகட்டிவ்.

செவ்வாய்க்கிழமை நான் லீவு போட்டு கோயம்பேட்ல பஸ் ஏறினேன். வீட்டு வாசல்ல நுழையும்போதே தெரிஞ்சுது, இது சாதாரணக் காய்ச்சல் இல்லைன்னு. அம்மா பாய்ல சுவத்துல சாஞ்சு உக்கார்ந்திருந்தாங்க. படுத்தா மூச்சு முட்டுதாம். கண்ணு ரெண்டும் செவந்து, என்னைப் பார்த்து யாரோ மாதிரி ஒரு பார்வை. "லட்சுமிக்கு தண்ணி காட்டினாங்களா?"ன்னு மட்டும் கேட்டாங்க. லட்சுமிங்கறது பெரிய மாடு.

அன்னைக்கு ராத்திரி ஆட்டோ புடிச்சு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எது, எங்கேன்னு எழுதலை, அது இங்க முக்கியமில்லை. விரல்ல க்ளிப் மாட்டினா ஆக்சிஜன் 88. எக்ஸ்ரேயில ரெண்டு நுரையீரலும் பஞ்சு வெச்ச மாதிரி வெள்ளை வெள்ளையா. கல்லீரல் அளவெல்லாம் ஏறியிருக்கு. மூக்குல ஆக்சிஜன் குழாய் வெச்சாங்க. ஒரு டாக்டர் வந்து பழைய சீட்டெல்லாம் வாங்கிப் பார்த்துட்டுப் போனார். அரைமணி கழிச்சு சின்னப் பொண்ணு ஒருத்தங்க வந்தாங்க. படிச்சு முடிச்சு ஒண்ணு ரெண்டு வருஷம்தான் ஆகியிருக்கும், கையில ஒரு பேடு.

அந்தப் பொண்ணு அம்மாகிட்ட முதல்ல கேட்டது காய்ச்சலைப் பத்தி இல்லை. "என்னம்மா வேலை பாக்கறீங்க?"

"மாடு வெச்சிருக்கேம்மா."

"புல்லு நீங்களே அறுப்பீங்களா?"

அம்மா தலையாட்டினாங்க. அந்தப் பொண்ணு என்னையும் அப்பாவையும் வெளியில போகச் சொல்லிட்டு ஸ்கிரீனை இழுத்து விட்டாங்க. நர்ஸ் ஒருத்தங்க டார்ச்சோட உள்ள போனாங்க. அஞ்சு நிமிஷம். வெளியில வந்து, "சார், அம்மாவுக்கு இடுப்புல ஒரு பக்கு இருக்கு. சிகரெட்டால சுட்ட மாதிரி. எத்தனை நாளா இருக்கு?"ன்னு கேட்டாங்க. எனக்கெப்படித் தெரியும்? அப்பாவுக்கும் தெரியலை. தெரிஞ்ச ஒரே ஆள் அம்மா.

பாவாடை நாடா கட்ற இடத்துல, வலது பக்கம், சின்னதா கருப்பா ஒரு பக்கு, சுத்திலும் செவப்பு. வலி இல்லை, அரிப்பு இல்லை. காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. அம்மா அதை "நாடா வெட்டின புண்ணு"ன்னு நினைச்சு தேங்காய்எண்ணெய் தடவிட்டு விட்டுட்டாங்க. நாடாவை இறுக்கிக் கட்டி வேலை செய்யற பொம்பளைங்களுக்கு அந்த இடத்துல எப்பவும் ஏதாவது ஒரு தழும்பு இருக்கத்தான் செய்யும்.

"ஏம்மா க்ளினிக்ல சொல்லலை?"ன்னு பிறகு ஒருநாள் கேட்டேன். "காய்ச்சலுக்குப் போய் இடுப்பைத் தூக்கிக் காட்டச் சொல்றியா? அவரும் ஆம்பளை டாக்டரு, பாவம், அவரு கேக்கவும் இல்ல." அந்த டாக்டர் மேலயும் எனக்குக் கோபம் இல்லை. ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கறவர், வரிசையில நிக்கற அறுபது வயசு பொம்பளைகிட்ட எப்படிக் கேப்பார்?

அந்தப் பக்குக்கு எஸ்கார்னு பேர். நோயோட பேர் ஸ்க்ரப் டைபஸ்.

அம்மாவுக்கு இது காதுல "டைபாய்டு"ன்னே விழுந்துச்சு. "அதான் அன்னைக்கே சொன்னாங்களே!" பேர் ரெண்டும் ஒரே வேர்தான். டைபாஸ்னா கிரேக்கத்துல புகை. காய்ச்சல்ல புத்தி புகைமூட்டமா ஆயிடறதால வந்த பேர். டைபாய்டுன்னா "டைபஸ் மாதிரி"ன்னு அர்த்தம். அந்தக் காலத்து டாக்டர்களே ரெண்டையும் பிரிக்கத் தெரியாம முழிச்சிருக்காங்க. ஆனா நோய் வேற, கிருமி வேற, மருந்தும் வேற.

இதுல வர்ற கிருமிக்கு ஓரியன்ஷியா சுட்சுகாமுஷின்னு பேர். ஜப்பான்காரங்க வெச்சது. சுட்சுகான்னா நோய், முஷின்னா பூச்சி. நம்ம உடம்போட செல்லுக்குள்ளயே போய் ஒளிஞ்சுக்கற ஜாதி. பென்சிலின் பரம்பரையில வந்த மருந்துகள் அதை ஒண்ணும் செய்யாது, அம்மா மணி பார்த்துப் போட்ட செஃபிக்ஸிமும் அந்தப் பரம்பரைதான். மாத்திரை மேல தப்பில்லை, போட்டவங்க மேலயும் தப்பில்லை. பூட்டு வேற, சாவி வேற.

அப்போ வைடல் ஏன் பாசிட்டிவ் வந்தது? இதையும் அந்தப் பொண்ணுதான் பொறுமையா விளக்கினாங்க. அந்த டெஸ்ட் கிருமியைப் பார்க்கறதில்லை, கிருமிக்கு எதிரா நம்ம உடம்புல இருக்கற எதிர்ப்புப் பொருளைப் பார்க்குது. டைபாய்டு சகஜமா இருக்கற நாட்டுல எப்பவோ ஒருதடவை கிருமி உள்ள வந்து போயிருந்தாலும் அது கொஞ்சம் மிச்சம் இருக்கும். வேற காய்ச்சல்லகூட ஏறலாம். ஒரே ஒரு தடவை எடுத்துப் பார்த்து கொஞ்சம் கூடுதலா இருக்குன்னு டைபாய்டுன்னு முடிவு கட்டறது ஆபத்து. டைபாய்டுக்குச் சரியான டெஸ்ட் ரத்தத்தை வளர்த்துப் பார்க்கற கல்ச்சர். அதுக்கு நாளாகும், காசாகும். தட்டணுவும் அதே கதைதான். டெங்குல மட்டும் இறங்கும்னு நாம நினைச்சிட்டிருக்கோம். ஸ்க்ரப் டைபஸ்லயும் இறங்கும், மலேரியாவுலயும் இறங்கும், எலிக்காய்ச்சல்லயும் இறங்கும்.

ஸ்க்ரப் டைபஸுக்கு ஒரு எலைசா டெஸ்ட் இருக்கு. அதுக்கும் ரத்தம் எடுத்தாங்க, ஆனா ரிசல்ட்டுக்குக் காத்திருக்கலை. அன்னைக்கு ராத்திரியே டாக்ஸிசைக்ளின் ஆரம்பிச்சாச்சு, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, நூறு மில்லிகிராம். சந்தேகம் வந்தா ரிசல்ட் வர்ற வரைக்கும் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாதாம். முதல் வாரத்துல எதிர்ப்புப் பொருள் சரியா உருவாகாம டெஸ்ட் நெகட்டிவா வந்து ஏமாத்தவும் செய்யும். கர்ப்பமா இருந்தா அசித்ரோமைசின் கொடுப்பாங்க. "மாத்திரையைப் போட்டுட்டு உடனே படுக்க விடாதீங்க, தண்ணி நிறைய குடிக்கச் சொல்லுங்க, பாலோட மட்டும் குடுத்துடாதீங்க"ன்னு நர்ஸ் சொன்னாங்க. பால்காரம்மாவுக்குப் பாலோட கூடாதுன்னு ஒரு மாத்திரை!

வியாழக்கிழமை விடிகாலை நாலு மணிக்கு அம்மா நெத்தியில கை வெச்சேன். ஜில்லுனு வேர்த்திருந்துச்சு. எனக்கு சட்டுனு பயம் வந்துடுச்சு, ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிட்டேன். அவங்க தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்துட்டு, "காய்ச்சல் விட்டுடுச்சு சார், போய் ஒரு டீ குடிங்க"ன்னாங்க. எட்டு நாள் யாரு என்ன பண்ணியும் இறங்காத காய்ச்சல், சில ரூபாய் மாத்திரையில முப்பத்தாறு மணி நேரத்துல இறங்கிடுச்சு. அந்த டீ மாதிரி ஒரு டீ நான் குடிச்சதில்லை. எலைசா பாசிட்டிவ்னு சேதி அன்னைக்கு மத்தியானம் வந்தது. நுரையீரல் தெளியத்தான் இன்னும் சில நாள் ஆச்சு.

இனி கொஞ்சம் படிச்சது. பொறுமை இல்லாதவங்க மாட்டுக்கதைக்குத் தாண்டிப் போயிடலாம்.

இந்த நோயைப் பரப்பறது ஒரு வகை மைட்டோட குஞ்சு. கண்ணுக்குக் கிட்டத்தட்ட தெரியாது, மில்லிமீட்டர்ல கால்வாசி இருந்தா அதிகம். வளர்ந்த பூச்சி மண்ணுலயே இருந்துக்கும், நம்மளைச் சீண்டாது. குஞ்சு மட்டும் வாழ்க்கையில ஒரே ஒரு தடவை ஒரு உடம்புல ஒட்டிச் சாப்பிட்டாகணும். அது தேடறது எலி, மூஞ்சூறு. நாம குறுக்க போய் மாட்டிக்கறோம். புல்லு நுனியில ஏறி நின்னு, உரசிட்டுப் போற உடம்புல தொத்தி, துணி இறுக்கமா இருக்கற மடிப்புத் தேடிப் போய்க் கடிக்கும். கடிச்சது தெரியவே தெரியாது. பத்து நாள் கழிச்சு காய்ச்சல். தாய்ப்பூச்சியிலேர்ந்து முட்டை வழியா குஞ்சுக்கே கிருமி போயிடறதால, ஒரு வரப்புல ஒருதடவை நிலைச்சிட்டா தலைமுறை தலைமுறையா அங்கேயே இருக்கும். ஆள்கிட்டேயிருந்து ஆளுக்கு ஒட்டாது.

வேலூர் சிஎம்சியில 2001-2002 வாக்குல குளிர் மாசங்கள்ல புரியாத காய்ச்சலோட வந்தவங்களைப் பார்த்து, இது ஸ்க்ரப் டைபஸ்னு எழுதினாங்க. அதுவரைக்கும் இது ஏதோ இமயமலை அடிவாரம், பர்மா எல்லை வியாதின்னு பல பேர் நினைச்சிட்டிருந்தாங்க. ரெண்டாம் உலகப்போர்ல பர்மா காட்டுல சண்டை போட்ட சிப்பாய்ங்களைப் படுக்க வெச்சது இதான். நம்ம பக்கம் எப்பவும் இருந்திருக்கும், "விஷக்காய்ச்சல்"னு சொல்லி விட்டிருப்போம். சிஎம்சிக்காரங்களே பிற்பாடு பக்கு எங்கெங்க இருக்குன்னு கணக்கெடுத்து 2013ல வெளியிட்டாங்க. ஆம்பளைங்களுக்கு அக்குள், தொடை இடுக்கு. பொம்பளைங்களுக்கு மார்பு, வயிறு. அதைப் படிச்சப்போ எனக்கு அந்த ஸ்கிரீன் ஞாபகம்தான் வந்தது. எல்லா இடமும் கூச்சப்பட்டு மறைக்கற இடம். நோயைக் காட்டிக் கொடுக்கற ஒரே அடையாளத்தை அந்தப் பூச்சி கரெக்டா அங்க கொண்டு போய் வைக்குது. அதுவும் எல்லாருக்கும் வர்றதில்லை, நம்ம நிறத்துக்குச் சட்டுனு தெரியறதும் இல்லை.

நம்ம பாண்டியிலயே இதுக்கு ஆராய்ச்சி நடந்திருக்கு. ஜிப்மர் பக்கத்துல இந்திரா நகர்ல இருக்கற வெக்டார் கண்ட்ரோல் ரிசர்ச் சென்டர் 1975லேர்ந்து இருக்கு. யானைக்கால் கொசுவுக்குப் பேர் போன இடம். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்: சின்ன வயசுல எங்க தெருவுக்கு ராத்திரி எட்டு ஒம்பது மணிக்கு மேல வந்து விரல்ல குத்தி ரத்தம் எடுப்பாங்க. தூங்கற புள்ளைங்களை எழுப்பி வெச்சுக் குத்துவாங்க. பகல்ல வந்தா என்னன்னு ஆயா சண்டைக்கே போகும். யானைக்கால் புழுவோட குட்டிகள் ராத்திரியிலதான் மேல் ரத்தத்துக்கு வரும், அதுங்களைச் சுமக்கற கொசு கடிக்கற நேரம் அது. பெரியவனாகித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அதே சென்டர் ஆளுங்க பாண்டிச்சேரி, தமிழ்நாட்டு கிராமங்கள்ல எலியையும் மூஞ்சூறையும் பொறி வெச்சுப் பிடிச்சு, மேல ஒட்டியிருந்த மைட்டுகளை எண்ணி, கிருமி இருக்கான்னு பார்த்து 2016ல எழுதியிருக்காங்க. இருந்துச்சு. அப்பாகிட்ட சொன்னேன். "புள்ளையாரு வாகனத்தையா புடிச்சானுங்க?"ன்னார்.

எனக்கு ரொம்பப் புடிச்ச கதை மலேயாவுல நடந்தது. 1948ல கோலாலம்பூர்ல ஸ்மேடல், உட்வர்ட்னு ரெண்டு அமெரிக்க டாக்டர்கள் அப்போ புதுசா வந்திருந்த குளோரோமைசெட்டினை ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க. நல்லா வேலை செஞ்சது. நடுவுல ஸ்க்ரப் டைபஸ்னு தப்பா நினைச்சு மருந்து கொடுத்த சிலருக்கு உண்மையில இருந்தது டைபாய்டு. அவங்களும் பொழைச்சுக்கிட்டாங்க! டைபாய்டுக்கு மருந்து கிடைச்சது அப்படித்தான். எங்கம்மாவுக்கு நடந்ததை அப்படியே திருப்பிப் போட்ட கதை. அங்க தப்பு நல்லதுல முடிஞ்சது.

கோரக்பூர் கதை அப்படி முடியலை. ஒவ்வொரு மழைக்காலமும் குழந்தைங்க மூளைக்காய்ச்சல்ல செத்துக்கிட்டிருந்தாங்க. ஜப்பானிய மூளைக்காய்ச்சல்னு தடுப்பூசியெல்லாம் போட்டாங்க, அப்பவும் நிக்கலை. சென்னையில இருக்கற தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தைச் சேர்ந்தவங்க உள்பட ஆய்வாளர்கள் 2015, 2016 வாக்குல போய்ப் பார்த்தப்போ, அதுல பெரும்பகுதிக் குழந்தைங்களுக்கு ஸ்க்ரப் டைபஸ் இருந்ததா தெரிஞ்சது. காய்ச்சல் வந்த முதல் வாரத்துலயே சாதாரண மருந்து கிடைச்சிருந்தா மூளை வரைக்கும் போயிருக்காது. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கலை.

அம்மா அளவுக்கு மோசமாகறவங்களுக்கு இப்போ இன்னும் நல்ல வழி இருக்கு. சிஎம்சியோட ஜார்ஜ் எம். வர்கீஸ் தலைமையில ஏழு ஆஸ்பத்திரிகள்ல கிட்டத்தட்ட 800 பேர்கிட்ட சோதனை பண்ணி 2023ல வெளியிட்டாங்க. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் ரெண்டையும் சேர்த்து நரம்புல ஏத்தினா, தனித்தனியா ஏத்தறதைவிட நல்லா கேக்குதாம். ஒரு மருந்து மட்டும் வாங்கினவங்கள்ல சுமார் 47, 48 சதவீதம் பேருக்கு மரணமோ, தீராத சிக்கலோ, விடாத காய்ச்சலோ இருந்துது, ரெண்டும் சேர்ந்தப்போ 33 சதவீதம். நூத்துக்குப் பதினாலு பேர். அந்தப் பதினாலுல ஒண்ணு யாரோ ஒருத்தரோட அம்மா.

சரி, மாட்டுக்கதை.

தமிழ்ப் பேப்பர்ல எல்லாம் இந்த நோய்க்கு "உண்ணிக் காய்ச்சல்"னு பேர் வெச்சுட்டாங்க. உண்ணின்னா எங்க ஊர்ல என்ன? மாட்டு மேல ஒட்டி ரத்தம் குடிச்சு ஊதிப் போயிருக்குமே, அது. அம்மா ஆஸ்பத்திரியில இருக்கும்போது வந்து பார்த்த சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே பாட்டு. "மாட்டாலதான் வந்திருக்கு. முதல்ல அதை வித்துத் தொலைங்க." அப்பா பாதி நாள் வீட்ல உக்கார்ந்து லட்சுமி காதுக்குள்ள, வாலடியில எல்லாம் உண்ணி பொறுக்கி மண்ணெண்ணெயில போட்டிருக்கார். எனக்குத் தெரியாது. நான் வார்டு வராந்தாவுல இருந்தேன்.

டிசம்பர் 10 செவ்வாய்க்கிழமை. அந்த வருஷம் அன்னைக்குத்தான் கார்த்திகை தீபம். சந்தையும் அன்னைக்கே. சாயங்காலம் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தவர் என்னைத் தனியா கூப்பிட்டு மடியிலேர்ந்து பணத்தை எடுத்துக் கொடுத்தார். "ஆஸ்பத்திரி செலவுக்கு வெச்சுக்க." லட்சுமியை ஓட்டிட்டுப் போய் வித்துட்டார்.

அதே வராந்தாவுல அந்தச் சின்ன டாக்டர் போனாங்க. நான் சும்மா கேக்கற மாதிரி கேட்டேன், "மேடம், இது மாட்டு உண்ணியால வர்றதா?" அவங்க நின்னு, "ஐயோ இல்ல சார். அது வேற உண்ணி, இது வேற பூச்சி. மாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. புல்லுலதான் இருக்கும்"னாங்க. அப்பா பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தார். ஒண்ணும் சொல்லலை. துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு மாடிப்படி இறங்கிப் போயிட்டார். கேக்கணும்னு ஒரு வாரமா எனக்குத் தோணவே இல்லை பாருங்க. பக்கைப் பத்தி நான் அம்மாவைக் குத்தம் சொல்றேன்.

மறுநாள் அம்மாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். வாசல்ல முதல் நாள் வெச்ச அகல் எல்லாம் எண்ணெய் காஞ்சு வரிசையா இருந்துச்சு, பெரியம்மா ஏத்தி வெச்சது. அம்மா ஆட்டோவுல இருந்து இறங்கி நேரா கொட்டகைப் பக்கம் பார்த்தாங்க. கட்டுத்தறியில சின்ன மாடு மட்டும்.

"வெளக்கு வெக்கற நாள்ல ஓட்டிக்கிட்டுப் போனீங்களா?"

அவ்வளவுதான் கேட்டாங்க. அப்பா பதில் சொல்லலை. அதுக்கப்புறம் ரெண்டு மூணு செவ்வாய்க்கிழமை அப்பா சந்தைக்குப் போய்ச் சும்மா சுத்திட்டு வந்தார். வாங்கினவர் வெளியூர் ஆளு, திரும்பக் கண்ணுல படலை. மூணு மாசத்துல கொரோனா வந்து சந்தையே நின்னு போச்சு.

அம்மா புல்லறுக்கறதை விடலை. விடச் சொல்லவும் எனக்கு வாய் வரலை, சின்ன மாடு என்ன தின்னும்? சில பழக்கம் மட்டும் மாறியிருக்கு. அப்பாவோட பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கிட்டு, அதுல பூச்சி விரட்டற களிம்பைத் தடவிக்கிட்டுப் போறாங்க. வந்ததும் கட்டை இறக்கிட்டு நேரா குளியல், சோப்பு போட்டு நல்லா தேய்ச்சு. கட்டியிருந்த துணி உடனே ஊறப் போயிடும். வேலி மேலயும் புதர் மேலயும் துணி காயப் போடறது கிடையாது, அப்பா கயிறு கட்டிக் கொடுத்திருக்கார். இதுக்குத் தடுப்பூசி கிடையாதுங்கறதால இதெல்லாம்தான் வழி. வீட்டைச் சுத்தி இருந்த புதரையும் அப்பாவே வெட்டிட்டார், எலி அடையாம இருக்க.

2024 கடைசியில தமிழ்நாட்டுல சென்னை, காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலைன்னு பல மாவட்டங்கள்ல இந்தக் காய்ச்சல் கூடியிருக்குன்னு பொது சுகாதாரத்துறை எச்சரிக்கை விட்டாங்க. அன்னைக்கு எதிர் வீட்டு அத்தை மருமகளுக்குக் காய்ச்சல்னு அம்மா போன்ல சொன்னாங்க. "நான் போய்ப் பாத்தேன்டா. கதவைச் சாத்திக்கிட்டு அக்குளு, இடுப்பு, மாருக்குக் கீழ எல்லாம் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல. இருந்தாலும் டாக்டர்கிட்ட புல்லறுக்கப் போனதைச் சொல்லச் சொல்லி அனுப்பியிருக்கேன்." அந்தப் பொண்ணுக்கு வந்தது சாதாரண வைரஸ் காய்ச்சல்தான், நாலு நாள்ல எழுந்துடுச்சு.

நேத்து ராத்திரி போன் பண்ணினேன். இங்க சென்னையில மழை, அங்கயும் மழைன்னாங்க. நான் வழக்கமா கேக்கறதைக் கேக்க வாயெடுத்தேன்.

"பாத்துட்டேன், பாத்துட்டேன். நாடா கட்ற எடத்துலயும் பாத்துட்டேன். கன்னுக்குட்டி கத்துது, போனை வை."